சேர் ஜோன் எந்தப் போரில் சண்டை பிடித்தவர்?

கேள்வி — தலவாக்கலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். சென்ற வாரம் சோல்பரி யாப்பின் (சுதந்திர காலத்து அரசியலமைப்பின்) கீழ் அமைந்த அரசாங்கங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தபோது, நாட்டின் மூன்றாவது பிரதமரைக் கேணல் சேர் ஜோன் கொத்தலாவல என்று குறிப்பிட்டேன். பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "அவர் எந்தப் போரில் சண்டை பிடித்தவர், டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்கோ பதில் தெரியவில்லை. மறுநாள் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வந்து, கைக்கெட்டிய நூல்களை எல்லாம் புரட்டினேன். அவருடைய குதிரைகள், விருந்துகள், ஆசிய-ஆபிரிக்க நாடுகள் கூடிய பாண்டுங் மாநாட்டுப் பேச்சு ஆகியவற்றைப் பற்றி நிறையவே இருக்கிறது. பட்டாளத்து வாழ்க்கையைப் பற்றி ஓரிரு வரிகளுக்கு மேல் இல்லை.

என்னிடம் உள்ள குறிப்புகள் இவை. கொழும்பு றோயல் கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் படித்தவர். 1931 இல் சர்வசன வாக்குரிமையின் கீழ் நடந்த முதல் தேர்தலில் குருநாகலிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1936 முதல் போக்குவரத்துக்கும் பொது வேலைகளுக்கும் பொறுப்பான அமைச்சர். 1947 முதல் தொடங்கஸ்லந்தை என்ற கிராமத்துத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர். 1953 ஒக்டோபரிலிருந்து 1956 ஏப்ரல் வரை பிரதமர். 1956 இல் அவருடைய ஐக்கிய தேசியக் கட்சி எட்டே ஆசனங்களுக்குச் சுருங்கிப் போனபோதும் தம்முடைய ஆசனத்தை அவர் இழக்கவில்லை.

இந்தப் படை அதிகாரி உண்மையில் எப்படிப்பட்ட படைவீரர் என்பது என் முதல் கேள்வி. கொழும்பிலே மாளிகையும் இங்கிலாந்துப் படிப்பும் உள்ள ஒருவரைக் கிராமத்து மக்கள் கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தங்கள் ஆளாக ஏற்றுக்கொண்டது எப்படி என்பது அடுத்தது. அவருடைய பெயரைக் கேட்டவுடன் என் பாட்டியார் ஏன் "அந்த ஒப்பந்தக்காரன்" என்பார் என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். மாணவிக்கு நேர்மையான பதில் ஒன்று சொல்ல வேண்டும்.

பதில் — தியத்தலாவை ஓய்வூதியர்

டீச்சருக்கு வணக்கம். உங்கள் மாணவியின் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லலாம்: எந்தப் போர்க்களத்திலும் இல்லை. ஆனால் அதை மட்டும் சொன்னால் அந்த மனிதருக்கும் அநியாயம், அந்தக் காலத்துப் பட்டாளம் என்றால் என்ன என்பதும் விளங்காமல் போய்விடும்.

அன்றைய இலங்கைக்குச் சொந்தமான முழுநேர இராணுவம் இருக்கவில்லை. இருந்தது தொண்டர் படை. 1881 இல் தொண்டர்களைக் கொண்டு தொடங்கப்பட்டு, பின்னர் இலங்கை இலகு காலாட்படை என்று பெயர் பெற்ற அணியில்தான் கொத்தலாவல 1922 இல் இரண்டாம் லெப்டினன்டாகச் சேர்ந்தார். 1910 இல் அமைக்கப்பட்ட இலங்கைப் பாதுகாப்புப் படைக்குள் இந்த அணியும் ஒன்று. இந்த அதிகாரிகள் வாரத்தில் சில மாலைகள் அணிவகுப்புப் பழகுவார்கள், ஆண்டுக்கு ஒரு முறை முகாமுக்கு வருவார்கள், மற்ற நாட்களில் வழக்கறிஞராகவோ நிலச்சுவான்தாராகவோ வியாபாரியாகவோ இருப்பார்கள். அரசாங்க உத்தியோகத்தர் தேர்தலில் நிற்க முடியாது. நிரந்தரப் படையில் சம்பளம் வாங்கும் அதிகாரியும் அப்படித்தான். தொண்டர் அதிகாரிக்கு அந்தத் தடை இல்லாததால், தோளில் நட்சத்திரத்தோடு ஒருவர் சட்டம் இயற்றும் சபையிலும் உட்கார முடிந்தது. அவர் மட்டுமல்ல, சுதந்திர இலங்கையின் முதல் கல்வியமைச்சரும் கடுகன்னாவை உறுப்பினருமான ஈ.ஏ.நுகவெலயும் மேஜர் என்றே அழைக்கப்பட்டவர்.

முகாம் நடந்த இடங்களில் எங்கள் தியத்தலாவை முக்கியமானது. 1900 இல் தென்னாபிரிக்காவிலிருந்து போயர் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்த அதே மேட்டு நிலத்தில்தான் தொண்டர் அணிகள் பின்னாளில் கூடாரம் அடித்தன. என் தகப்பனார் முகாமுக்குக் கீழே, கடைவீதியில் ஒரு தையற்கடை வைத்திருந்தார். முகாம் தொடங்குவதற்கு முந்திய இரண்டு நாட்களும் அவருக்கு நித்திரை இல்லை. சென்ற ஆண்டு தைத்த காற்சட்டையை இந்த ஆண்டு போட முடியாமல், அதிகாரிமாரின் வேலைக்காரர்கள் கட்டுக்கட்டாகத் துணியைக் கொண்டுவந்து போடுவார்கள். அப்பா ஒரு நீளக் கொப்பியில் பெயர், அணி, இடுப்பளவு மூன்றையும் எழுதி வைப்பார். "தோளில் ஒரு நட்சத்திரம் கூடினால் இடுப்பில் இரண்டு அங்குலம் கூடும்" என்பது அவர் கண்டுபிடித்த கணக்கு. (கொத்தலாவலவின் இடுப்பளவு அந்தக் கொப்பியில் இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன்.)

இரண்டாம் உலகப் போர் வந்ததும் தொண்டர்கள் முழுநேரச் சேவைக்கு அழைக்கப்பட்டார்கள். 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும், 9 ஆம் திகதி திருகோணமலையையும் தாக்கியபோது, கரையோரத்தையும் முக்கிய இடங்களையும் காத்து நின்றவர்களில் இவர்களும் அடக்கம். கொத்தலாவலவோ அந்த நாட்களில் அமைச்சராகவும் இருந்தார். ஆகவே, படையைச் சேர்ந்தவர் என்பதைவிட, வீதி, துறைமுகம், ரயில் ஆகியவற்றுக்குப் பொறுப்பாளர் என்ற முறையிலேதான் போர் அவரைத் தொட்டது என்று நான் நினைக்கிறேன். 1949 ஒக்டோபர் 10 ஆம் திகதி இலங்கை இராணுவம் முறையாக உருவானபோது அவர் ஏற்கெனவே நாட்டின் பெரிய அமைச்சர்களில் ஒருவர். ஜெனரல் என்ற தரம் அவருக்குக் கிடைத்தது 1980 இல், மரணப் படுக்கையில்.

இன்னொரு படையையும் மாணவிகளுக்குச் சொல்லுங்கள், அது நம்முடைய மலைகளோடு சம்பந்தப்பட்டது. 1900 இல் தோட்டத்துரைமாருக்கென்றே ஒரு ரைபிள் படை அமைந்தது, தலைமையகம் கண்டியில். வெள்ளைக்காரத் துரைமார் மட்டுமே அதில் இருந்தார்கள். 1914 இல் அதிலிருந்து ஒரு பிரிவு எகிப்துக்கும் போனது. தோட்டத்தில் காலை வேளை ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்தை நாம் ஏன் பிரட்டுக்களம் என்கிறோம் என்று எப்போதாவது யோசித்தீர்களா? அந்தப் பிரட்டு, பட்டாளத்துப் பரேட்தான். பரேட் என்ற சொல்லை நம்முடைய ஆட்கள் துப்பாக்கி இல்லாமல், கொழுந்துக் கூடையோடு கற்றுக்கொண்டார்கள்.

பதில் — மாவத்தகமை மருமகன்

நான் பிறந்தது ஹட்டன், பெண் எடுத்தது குருநாகல் மாவட்டத்து மாவத்தகமையில். ஆகவே இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். டீச்சருடைய இரண்டாவது கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தொடங்கஸ்லந்தைக்கு முதன்முதலாகப் போனவர்களுக்கு ஒரு விடயம் கண்ணில் படும்: அது வெறும் நெல்வயலும் தென்னையும் உள்ள ஊர் அல்ல, நிலத்துக்கடியில் காரீயம் (பென்சில் கரி) உள்ள ஊர். கஹட்டகஹ சுரங்கம் அங்கேதான் இருக்கிறது. கொத்தலாவலவின் தாயார் அத்திகல குடும்பத்துப் பெண். அந்தக் குடும்பத்தின் செல்வம் காரீயத்திலிருந்து வந்தது. தாயாரின் ஒரு சகோதரி, முதல் பிரதமர் டி.எஸ்.சேனாநாயக்கவின் சகோதரரான எப்.ஆர்.சேனாநாயக்கவை மணந்தவர், இன்னொருவர் ஜயவர்தன குடும்பத்தில் ஒரு கேணலை மணந்தவர். அதாவது டி.எஸ்.சேனாநாயக்கவின் வீடும், ஜே.ஆர்.ஜயவர்தனவின் வீடும், சேர் ஜோனின் வீடும் ஒரே சுரங்க வாசலில் வந்து சேருகின்றன. அவருடைய தகப்பனார் ஒரு கொலை வழக்கில் சிக்கி, 1907 இல் காவலில் இருந்தபடியே நஞ்சருந்தி இறந்தவர். பன்னிரண்டு வயதுப் பையனைத் தாயார் தனியாக நின்று வளர்த்தார். சேர் ஜோனின் முரட்டுத்தனத்துக்கும் அவசரத்துக்கும் அங்கே ஒரு வேர் இருக்கக்கூடும் என்பது என் ஊகம் மட்டுமே.

ஆகவே அவர் கொழும்பிலிருந்து வந்து அந்தக் கிராமத்தில் வாக்குக் கேட்ட அந்நியர் அல்ல. சுரங்கத்தில் வேலை, தென்னந்தோட்டத்தில் வேலை, வழக்கு வந்தால் ஒரு சிபாரிசு, பாதை கேட்டால் பாதை என்று எல்லாமே அந்த ஒரே குடும்பத்தின் பக்கமாக இருந்தன. போக்குவரத்து, பொது வேலை அமைச்சு கையில் இருந்த ஒருவருக்குத் தம்முடைய தொகுதிக்குக் கல்லும் தாரும் அனுப்புவது பெரிய காரியமும் அல்ல. என் மாமனாரின் தகப்பனார் அந்தப் பக்கத்தில் ஒரு சில்லறைக் கடையில் கணக்கெழுதியவர். தேர்தல் காலத்தில் கொத்தலாவல ஜீப்பிலிருந்து இறங்கி, கடைவாசலில் நின்றபடி சிங்களத்தில் ஏசுவதையும் சிரிப்பதையும் ஒரே மூச்சில் செய்வாராம். "கும்பிட்டு வாக்குக் கேட்டவர்களை ஊர் மறந்துவிட்டது, ஏசி வாக்குக் கேட்டவரை மறக்கவில்லை" என்று கிழவர் சொல்வார். அதிகாரிக்குரிய தோரணை ஒரு கிராமத்துப் பெரிய வீட்டுக்காரரின் தோரணையோடு அவரில் கலந்துவிட்டது. எது எங்கே முடிகிறது என்று வாக்காளருக்குப் பிரித்துப் பார்க்கத் தேவை இருக்கவில்லை.

1956 இல் நாடு முழுவதும் அவருக்கு எதிராகத் திரும்பியது உண்மை. யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து என்றவர், அந்த ஆண்டு பெப்ரவரியில் களனியில் கூடிய கட்சி மாநாட்டில் சிங்களம் மட்டும் என்று திரும்பினார். சொன்னதையும் விட்டார், திரும்பியதாலும் ஒன்றும் பெறவில்லை. பிக்குமார் வெளியிட்ட புகழ்பெற்ற கேலிச்சித்திரம் ஒன்றில் அவரைப் புத்தரை எதிர்க்கும் மாரனின் இடத்தில், யானை மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். அப்படியும் தொடங்கஸ்லந்தை அவரைக் கைவிடவில்லை. நாட்டின் கோபம் சுரங்கத்து வாசல் வரை வந்து நின்றுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

பதில் — பொகவந்தலாவைக்காரன்

மேலே எழுதிய இரண்டு ஐயாமாருக்கும் நன்றி. டீச்சருடைய பாட்டியார் சொன்ன ஒப்பந்தம் 1954 ஜனவரி 18 ஆம் திகதி டில்லியில் கையெழுத்தான நேரு–கொத்தலாவல ஒப்பந்தம். ஆனால் அங்கிருந்து தொடங்கினால் கதை பாதியில் தொடங்கும். கிராமத்துத் தொகுதி என்ற சொல்லையே கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும்.

சோல்பரி யாப்பில் பாராளுமன்றத்துக்கு 101 பேர். 95 பேர் தெரிவு செய்யப்படுவோர், 6 பேர் நியமனம். தொகுதி பிரிப்பதற்கு வைத்த கணக்கு, 75,000 பேருக்கு ஓர் ஆசனம், ஆயிரம் சதுர மைலுக்கு மேலதிகமாக ஓர் ஆசனம் என்பது. ஆயிரம் சதுர மைல் என்ற பகுதி காடும் கிராமமும் பரந்து கிடக்கும் மாகாணங்களுக்குச் சாதகம். 75,000 பேர் என்ற பகுதியைக் கவனியுங்கள். அது வாக்காளர் அல்ல, பிரஜைகளும் அல்ல, பேர். 1946 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர்கள் ஏறத்தாழ 7,80,000. அந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் நம்முடைய தலைகள் மட்டும் பத்து ஆசனங்களுக்குச் சமம்.

1947 தேர்தலில் அந்தத் தலைகளுக்கு வாய் இருந்தது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி.வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் கே.இராஜலிங்கம், மஸ்கெலியாவில் ஜி.ஆர்.மோத்தா எனப் பலர் இலங்கை இந்தியன் காங்கிரஸின் பெயரால் உள்ளே போனார்கள். பிறகு நம்மவரில் பெரும்பாலோரைப் பிரஜைகள் அல்லாதவராக்கிய 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெறுவதற்கென 1949 இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், அதே ஆண்டில் வாக்காளர் இடாப்பில் பிரஜைகள் மட்டுமே இருக்கலாம் என்ற தேர்தல் திருத்தச் சட்டம். 1952 தேர்தலில் நம்முடைய கட்சியிலிருந்து ஒருவரும் தெரிவாகவில்லை. ஆனால் தொகுதிகள் அப்படியே இருந்தன. ஆட்கள் இருக்கிறார்கள், வாக்கு இல்லை. ஆட்களுக்காகக் கிடைத்த ஆசனத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் போகிறார். 1959 இல் எல்லைகளைத் திரும்பப் பிரித்தபோதும் பிரஜையல்லாதவர்களின் தலைகளை எண்ணித்தான் பிரித்தார்கள். மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களில் கிராமத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள் பலருடைய ஆசனங்களின் பாரத்தில் ஒரு பங்கு லயத்துப் பாரம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களின் பாரம். குருநாகல் மாவட்டத்தில் நம்மவர் தொகை குறைவு என்பதால் தொடங்கஸ்லந்தையைப் பற்றி இதே அளவுக்குச் சொல்ல முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த உறுப்பினர் பிரதமராக நின்று பேசியதற்குப் பின்னால் இருந்த பெரும்பான்மை இப்படித்தான் வந்தது.

இனி ஒப்பந்தம். வயது வந்த குடியிருப்பாளர் அனைவருக்கும் ஒரு பதிவேடு தயாரிக்க வேண்டும்; அதில் பெயர் இல்லாதவர் கள்ளத்தனமாக வந்தவர் என்று கொள்ளப்படுவார்; அவரைத் திருப்பி அனுப்ப இந்தியா ஒத்துழைக்கும்; பிரஜாவுரிமை பெறுவோர் பத்து ஆண்டுகளுக்குத் தனியான வாக்காளர் இடாப்பில் வைக்கப்படுவர். கள்ளத்தோணி என்ற சொல் நம்முடைய லயங்களுக்குள் சட்டத்தின் பலத்தோடு நுழைந்தது அந்தக் காலத்தில்தான். பிரஜாவுரிமை கிடைக்காதவர்கள் எல்லோரும் இந்தியப் பிரஜைகளே என்று கொத்தலாவல நின்றார். தாமாக விண்ணப்பித்துப் பெறாதவர்கள் நாடற்றவர்களே என்று நேரு நின்றார். அந்த ஆண்டு ஒக்டோபரில் மறுபடியும் டில்லியில் சந்தித்தும் அந்த முடிச்சு அவிழவில்லை. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தபோதுதான் அது ஒரு வகையில் அறுந்தது. அதுவரை 1949 சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் சுமார் 1,34,000 பேர்.

என் தகப்பனார் அந்தத் தொகைக்குள் இல்லை. சட்டப்படி, மணம் முடித்தவருக்கு 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முந்திய ஏழு ஆண்டுகள் தொடர்ந்த வதிவு வேண்டும். இடையில் ஒரு தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் தொடர் அறுந்துவிடும். அவருடைய தாயாரின் கருமாதிக்காகத் திருச்சிப் பக்கம் போனவர், காய்ச்சலில் படுத்து, பதின்மூன்றாவது மாதம் திரும்பினார். தோட்டத்துச் செக்ரோலில் (வேலையாட்களின் பெயர்ப் பதிவேட்டில்) அந்த இடைவெளி பளிச்சென்று தெரிந்தது. விசாரணை மேசைக்கு முன்னால் அவர் நின்றது கால் மணித்தியாலம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்ற கடிதத்தை நான்காக மடித்து, ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியில் அவர் வைத்தது இன்றும் என்னிடம் இருக்கிறது. மடிப்பில் எழுத்து தேய்ந்து, அவருடைய பெயரின் நடு எழுத்து போய்விட்டது.

பதில் — நோர்வூட் இளையவன்

பொகவந்தலாவை ஐயா எழுதியதை மறுப்பதற்காக அல்ல, ஒரு நியாயத்துக்காக எழுதுகிறேன். 1948, 1949 சட்டங்களைக் கொண்டுவந்தது டி.எஸ்.சேனாநாயக்கவின் அரசாங்கம். கொத்தலாவலவுக்குக் கிடைத்தது இன்னொருவர் கட்டிய வேலி. டி.எஸ். 1952 மார்ச்சில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தபோது பதவி தமக்கே என்று எதிர்பார்த்திருந்தவரைத் தாண்டி, மகன் டட்லி வந்தார். 1953 ஓகஸ்ட் ஹர்த்தாலுக்கு (அரிசி விலை உயர்வுக்கு எதிரான நாடளாவிய கடையடைப்பு, வேலைநிறுத்தம்) பின் டட்லி விலகியதால்தான் இவருக்கு வாய்த்தது. இரண்டரை ஆண்டுகள் பிரதமராக இருந்த ஒருவர் மீது எல்லாப் பழியையும் ஏற்றுவது சரிதானா? நேருவோடு பேசவாவது அவர் டில்லிக்குப் போனார். 1955 ஏப்ரலில் பாண்டுங்கிலே கிழக்கு ஐரோப்பாவில் நடப்பதும் குடியேற்றவாதம்தான் என்று எழுந்து சொன்னதில் ஒரு துணிச்சல் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இலங்கை ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்ததும் அவர் காலத்தில்தான்.

பதில் — பொகவந்தலாவைக்காரன்

தம்பி சொன்ன வரிசை சரி. ஆனால் 1947 இலிருந்தே அவர் அந்த அமைச்சரவையில் இருந்தவர். வேலி கட்டும்போது கம்பம் பிடித்த கைகளில் அவருடையதும் உண்டு. கிழக்கு ஐரோப்பாவில் உள்ளவர்களின் உரிமைக்காகப் பாண்டுங்கில் எழுந்தவர், தம்முடைய பாராளுமன்றத்துக்கு ஐந்தாறு மணி நேர ரயில் பயணத்தில் உள்ளவர்களுக்காக எழவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துவது. துணிச்சலை நான் மறுக்கவில்லை. வாக்கு இல்லாதவனுக்காகத் துணிவது எந்தத் தொகுதி உறுப்பினருக்கும் இலாபமில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம் பக்கத்துப் பிழையும் உண்டு. 1949 சட்டத்தை எதிர்ப்பதற்காக முதலில் விண்ணப்பிக்க வேண்டாம் என்று நம்முடைய தலைமையே சொன்னது. பிறகு மனம் மாறி விண்ணப்பிக்கச் சொன்னபோது 1951 ஓகஸ்ட் 5 என்ற கடைசி நாள் நெருங்கிவிட்டது. அந்த அவசரத்தில் எழுதப்பட்ட விண்ணப்பங்களில் என் தகப்பனாருடையதும் ஒன்று. வாக்குரிமை பறிக்கப்பட்டதை எதிர்த்த 1952 சத்தியாக்கிரகத்தில் அவரும் கொழும்புக்குப் போய் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

பதில் — நோர்ட்டன் பிரிஜ் வாசகி

எல்லோரும் பெரிய விடயங்களைப் பேசும்போது நான் ஒரு சின்ன விடயத்தைச் சொல்கிறேன். லக்ஷபான மின்னிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. அதைக் கனவு கண்டு, பல ஆண்டுகள் அதிகாரிகளோடு போராடியவர் பொறியியலாளர் டி.ஜே.விமலசுரேந்திர என்பது தெரிந்ததே. அது நிறைவேறிய காலத்தில் பொறுப்பான அமைச்சர் கொத்தலாவல. எங்கள் பக்கத்து அணையும் குழாயும் கோபுரங்களும் அந்தக் காலத்தவை. என் அம்மாவின் லயம் கோபுரத்துக்கு நேர் கீழே இருந்தது. மழை நாளில் கம்பி உறுமுவது காம்பராவுக்குள் கேட்கும். அந்தச் சத்தத்தில் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு நாங்கள் படித்தோம். கொழும்புக்குப் போன வெளிச்சம் கூரையைத் தொட்டுக்கொண்டு போயும், லயத்துக்குள் இறங்கியது என் அக்காவுக்குக் கல்யாணமான பிறகு. கிராமத்தில் கம்பம் நட வேண்டும் என்று கிராமத்தவர் தம்முடைய உறுப்பினரைப் பிடித்து உலுக்கலாம். நாங்கள் யாரைப் பிடிப்பது? துரையைத்தான் பிடிக்க வேண்டும். துரை தேர்தலில் நிற்பதில்லை.

பதில் — தியத்தலாவை ஓய்வூதியர்

அம்மா சொன்னது என் மனதிலும் இருந்ததுதான். அந்த மனிதருடைய முடிவையும் டீச்சருக்காகச் சேர்த்துவிடுகிறேன். 1956 தோல்விக்குப் பிறகு அவர் இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் ஒரு பண்ணை வாங்கி, அங்கும் இங்குமாகக் காலம் கழித்தார். 1960 மார்ச்சில் தொடங்கஸ்லந்தையோடு அவருடைய உறவு முடிந்தது. 1980 ஒக்டோபர் 2 ஆம் திகதி காலமானார். இரத்மலானையில் இருந்த கந்தவல என்ற தம்முடைய வளவை நாட்டுக்குக் கொடுத்துவிட்டதால், அவருடைய பெயரிலான பாதுகாப்புக் கல்லூரி அங்கே அமைந்தது; இன்று அது பல்கலைக்கழகம். போருக்குப் போகாத அதிகாரியின் வீட்டிலேதான் பின்னாளில் போருக்குப் போன அதிகாரிகள் பலர் படித்தார்கள். நம்முடைய தொண்டமானோ 1947 க்குப் பிறகு வாக்கால் தெரிவாகிப் பாராளுமன்றத்துக்குள் நுழைய 1977 வரை காத்திருந்தார், முப்பது ஆண்டுகள். இடையில் 1960 இல் கிடைத்தது நியமனம்.

பதில் — தலவாக்கலை ஆசிரியை

அனைவருக்கும் மிகவும் நன்றி. இன்று வகுப்பில் அந்த மாணவிக்குப் பதில் சொன்னேன். எந்தப் போர்க்களத்திலும் இல்லை என்றதும் அவள் ஏமாந்து போனாள். தையற்கடைக் கொப்பியைப் பற்றிச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. பிரட்டுக்களத்துக்கு வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களில் பாதிப் பேரின் அம்மாமார் காலை ஆறரைக்கு அங்கே நிற்பவர்கள்.

75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்ற கணக்கைக் கரும்பலகையில் பிள்ளைகளையே போட்டுப் பார்க்க விட்டேன். 7,80,000 ஐ வகுத்து முடித்த பிறகு, அதே மாணவி மறுபடியும் எழுந்து, "அப்படியென்றால் எங்களை எண்ணியவர்கள் யார், டீச்சர், நாங்கள் இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியுமே?" என்று கேட்டாள். இதற்கும் நாளைக்குச் சொல்கிறேன் என்றுதான் வந்திருக்கிறேன்.

பொகவந்தலாவை ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் தகப்பனாரின் கடிதத்தைப் பெயரையும் இலக்கத்தையும் மறைத்து ஒரு பிரதி எடுத்துத் தர முடியுமா? பாடநூலில் சட்டத்தின் இலக்கம் இருக்கிறது. அந்தச் சட்டம் ஒரு வீட்டுக்கு எந்தக் காகிதத்தில் வந்து சேர்ந்தது என்பதைப் பிள்ளைகள் பார்த்ததில்லை.

பதில் — பொகவந்தலாவைக்காரன்

பிரதி வேண்டாம், டீச்சர், கடிதத்தையே கொண்டுவருகிறேன். வரும் சனிக்கிழமை ஹட்டனுக்கு மருந்தெடுக்க வரவேண்டியிருக்கிறது. பத்து மணிக்குப் பஸ் நிலையத்தில் நிற்பேன். மடிப்பை விரிக்கும்போது மட்டும் பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், கையில் எடுத்தால் பிய்ந்துவிடும்.